வழியனுப்ப முடியாத வண்டி

எங்கள் காரில் ஏற்றிப்போய் ஊருக்கு வழியனுப்பிய ஆட்கள் திரும்பவும் எங்கள் காருக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். ஈஜிஆர் வால்வு கெட்டுவிட்டது. பதினான்கு வருடத்து டீசல் வண்டி, கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நல்ல வண்டிகளிலும் இது கொஞ்சம் நடக்கத்தான் செய்யும். வெளியே அனுப்பிய புகையில் ஒரு பங்கை அந்த வால்வு உள்ளே திருப்பி விடும். அப்போதுதான் இன்ஜின் சூடேறாது. மாமியாரை ரயிலேற்றிவிட்டு வருகிறோம் என்றால் அவருடைய தைல வாசனை மட்டும் சீட்டில் உட்கார்ந்து வரும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. வால்வில் கரி அடைத்துத் திறந்தே நின்றுவிட்டால்தான் வினை. அப்புறம் வாசனையோடு நிற்காது. மாமியாரே வந்துவிடுவார்.

எங்களுக்கு வந்தது குற்றாலிங்கம் சித்தப்பா. அப்பாவின் தம்பி. ஒரு காதுகுத்துக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தவர். விசேஷம் முடிந்து, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தால் பின் சீட்டில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஏல சங்கரவேலு, மத்தியானத்துக்கு என்ன குழம்பு?" என்றார்.

வேறு பஸ்ஸில் ஏற்றினேன். ரயிலில் ஏற்றினேன். ஒருமுறை வீட்டு வாசலிலிருந்தே ஆட்டோ பிடித்து அனுப்பினேன். ஒரு தடவை சுற்றில் மாட்டியவர் எதில் போனாலும் இங்கேதான் வந்து விழுவார் போலிருக்கிறது. ஷெட்டில் சும்மா நிற்கிற காரின் கதவைத் திறந்துகொண்டு, டிக்கெட்டும் கையுமாக இறங்கி வந்தார். மூன்று மாதமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். சித்திக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். "வால்வுதானேப்பா, மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதியை நான் கேட்டதே இல்லை.

விஷயம் சித்தப்பாவோடு நின்றிருந்தால் நானும் அந்த வால்வைத் தொட்டிருக்க மாட்டேன். வண்டியில் இழுவை இல்லை, மேடு ஏறும்போது கறும்புகை தள்ளுகிறது, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் என் மனைவி தில்லைநாயகிக்கு ஆர்டர் வந்தது. பதினொரு வருடம் காத்திருந்த அரசாங்க வேலை. ஓசூரில் மருந்தாளுநர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிப்போய் ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் ரவுண்டானாவைத் தாண்டவில்லை, பக்கத்து சீட்டில் தோள்பையோடு இருந்தாள். பெல்ட்கூடப் போட்டிருந்தாள். பஸ்ஸில் மேலே வைத்த பெட்டி மட்டும் ஓசூருக்குப் போய்விட்டது.

"எதுக்குச் சிரிக்கீங்க?" என்றாள்.

"நான் சிரிக்கலியே."

"பல்லு தெரியுது."

தெரிந்திருக்கும். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அதை ஒளிப்பானேன். உன் படிப்பு வீணாகக் கூடாது என்று ஊரெல்லாம் வாய் கிழியப் பேசியவனும் நான்தான். பேசும்போது ஓசூர் என்று யார் கண்டது? அவள் இல்லாத வீட்டில் நானும் சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சனிக்கிழமை சவரிமுத்துவின் பட்டறைக்கு மூன்று பேருமாகப் போனோம். எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து பார்க்கிற மெக்கானிக் அவன். வால்வைக் கழற்றிச் சுரண்டினான். ஒரு சிரட்டை கரி வந்தது.

"முக்கால்வாசி பெரியவருதான்" என்று மோந்து பார்த்துச் சொன்னான்.

மருந்தடித்துக் கழுவி மாட்டியதில் கொஞ்சம் குணம் தெரிந்தது. சோதனைக்காகச் சித்தப்பாவைச் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏற்றினோம். ஆள் போய்விட்டார். குரல் மட்டும் திரும்பி வந்து பின் சீட்டில் இருந்துகொண்டு குழம்பு விசாரித்தது. சாயங்காலத்துக்குள் மிச்சமும் வந்து சேர்ந்தது.

"புது வால்வு போட்டாத்தான் சரிவரும் அண்ணாச்சி. இந்த மாடலுக்கு இங்க ஸ்டாக் இல்ல. வர பத்து நாளாகும்" என்றான் சவரிமுத்து.

"திங்கக்கிழமை நான் ஜாயின் பண்ணணும்" என்றாள் தில்லை.

"அப்ப வால்வு வாயில தகரப் பிளேட் வச்சு அடைச்சிருவோம்க்கா. சுத்துல கிடக்கவங்களும் விடுபட்டிருவாங்க. ஆனா ஒண்ணு. வால்வுக்காவது யாரு ஊருக்குப் போறா, யாரு காய்கறி வாங்க இறங்குதான்னு தெரியும். பிளேட்டுக்குப் புத்தி கிடையாது. இறங்குனா இறங்குனதுதான். யாரா இருந்தாலும் மறுபடி இந்த வண்டிக்குள்ள வர முடியாது. புது வால்வு வந்ததும் நானே வந்து கழட்டுதேன். உங்கள பஸ் ஏத்திட்டு வந்து அதுவரைக்கும் ஷெட்ல நிக்கட்டும்."

யோசித்துச் செய்யலாம் என்றேன்.

"அடைங்க" என்றாள் தில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவரிமுத்து வீட்டுக்கே வந்து, நாங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்ட பிறகு பிளேட்டைப் பூட்டினான். சித்தப்பாவும் ஊருக்குப் போகிறேன் என்று தானாகவே ஏறிக்கொண்டார். அந்த வரைக்கும் லாபம் என்று நினைத்தேன். வண்டி கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஓடியது.

பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினேன். "சித்தப்பா, உங்க பஸ் நிக்கு, இறங்குங்க" என்றேன்.

"காலு மரத்துப்போச்சுலே. அவளை முதல்ல அனுப்பு" என்றார்.

தில்லை இறங்கினாள். "கேஸை மூடிட்டுப் படுங்க" என்றாள். போய் ஓசூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். ஆள் வரவில்லை. அவள் தலையெண்ணெய் வாசனைகூட வரவில்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாசமாய்ப் போன பிளேட்டு, நாசமாய்ப் போன ஓசூர் என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்போதுதான் டேஷ்போர்டில் அவளுடைய புளியோதரைப் பொட்டலத்தைப் பார்த்தேன். மத்தியானமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

"எதுக்கு இறங்குனீங்க?" என்றாள் தில்லை.

திரும்பி வந்து கார் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வெளியே நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி வெளியே நின்றேன். இடது பக்கமாகப் போய் நுழைந்து பார்த்தேன். அந்தப் பக்கம் நின்றேன்.

"சும்மா மெனக்கெடாதலே" என்றார் பின் சீட்டிலிருந்து சித்தப்பா. அவர் கால் நன்றாகத்தான் இருந்தது, ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஓசூர் பஸ் கண்டக்டர் வந்துவிட்டார். "சார், வண்டியை எடுங்க. பஸ் வெளிய போவணும்."

"ஏற முடியலைங்க."

அவர் பானெட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "பிளேட் வச்சிருக்கா?"

"ஆமா."

"அப்ப பஸ்ல ஏறுங்க. வேற என்ன செய்யதுக்கு?"

அவரும் டிரைவருமாகக் காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். நான் வீட்டு வேட்டியும் துண்டுமாக ஏறி, தில்லை பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலோரத்தை அவள் விட்டுத்தரவில்லை.

"இந்தக் கோலத்துல ஓசூருக்கா?" என்றாள்.

"சட்டைக்கு எங்க போக?"

"முன்னாலயே போன பெட்டில உங்க சட்டை ஒண்ணு இருக்கு" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு. புளியோதரையைப் பிரித்து ஆளுக்குப் பாதி தின்றோம்.

கோவில்பட்டி தாண்டும்போது சித்தப்பா போன் செய்தார்.

"சங்கரவேலு, வீட்டுக்கு வந்துட்டேன்."

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே சித்தப்பா."

"நான் எங்க ஓட்டுனேன்? அதுவா வந்துச்சு. நம்ம வாசல்லயே இறங்கிட்டேன். இறங்குனா இறங்குனதுதானே? இனி ஒரு பய என்னை அதுல ஏத்திக் கொண்டுபோய் எங்கயும் விட முடியாது."

கிழவன் இதற்காகத்தான் காலை மரக்கவிட்டிருக்கிறார். "சரி, கதவைப் பூட்டிட்டுப் படுங்க" என்றேன்.

"பூட்டலாம். வண்டி உள்ள வந்து ஹால்ல நிக்கு. ஆள் வாசனை ஒண்ணும் திரும்பி வராம ரொம்பச் சூடா இருக்காம். சீட்டுல போட்டுக்கிடத் தில்லையோட சேலை ஒண்ணு கேக்கு."

போனைத் தில்லையிடம் கொடுத்தேன்.

"பீரோல கீழ்த்தட்டுல பச்சைக் கண்டாங்கி இருக்கு மாமா, அதைக் குடுங்க" என்றாள். "பட்டுச்சேலை வேணும்னு அடம்புடிக்கும். குடுத்திராதீங்க."