போட்டோவில் வளைந்த சுவர்

பக்கத்து வீட்டுக் குருமூர்த்தி சுவர் எழுப்பியபோதே எனக்குச் சந்தேகம்தான். எங்கள் தறிப்பட்டறைக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அது எங்களுடையது. அதில் அரையடியாவது விழுங்கியிருப்பான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த இடுக்கில் நின்று முழுச்சுவரையும் பிடிக்க முடியவில்லை. போனில் இருக்கிற, அகலமாக எடுக்கும் கேமராவில் எடுத்தேன். மாட்டிக்கொண்டான்! படத்தில் சுவர் எங்கள் பக்கம் தொப்பை தள்ளி நின்றது. தறியில் பூட்டிய பாவு நூலில் ஓர் இழை விலகினாலும் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. குமாரபாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நகராட்சியில் புகார் கொடுக்கப் பிரிண்ட் வேண்டியிருந்தது. ஸ்டுடியோ வைத்திருக்கும் தமிழ்ச்செல்வி படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள்.

“அண்ணா, இந்த லென்ஸுல எடுத்தா ஓரத்துல இருக்கற நேர்கோடெல்லாம் வளைஞ்சுதானுங்க வரும். இப்பப் பாருங்க.”

மவுஸில் எதையோ இழுத்தாள். தொப்பை போய்ச் சுவர் நிமிர்ந்துகொண்டது.

எனக்குச் சுருக்கென்றது. இவள் வீட்டுக்காரரும் குருமூர்த்தியும் ஒரே குலதெய்வக் கோயில் பங்காளிகள்.

“ஏம்மிணி, உங்க பங்காளி சொல்லியுட்டானா?”

“ஏனுங்ணா இப்படிப் பேசறீங்க? உங்க பட்டறைச் செவுரும் இதே படத்துல வளைஞ்சுதானுங்களே இருந்துச்சு?”

“நீ ஒண்ணையும் நிமித்த வேண்டாம். வளைஞ்சத அப்படியே போட்டுக் குடு.”

மறுவாரம் என் புகாரை எடுத்துக்கொண்டு சர்வேயர் சந்திரசேகர் வந்தார். தெருவே கூடிவிட்டது. கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைக் குருமூர்த்தி. அவன் சுவர் கயிற்றோடு ஒட்டி நேராகப் போனது. அப்போதும் நான் நம்பவில்லை. அவன் கயிற்றைத் தளர்த்துகிறானோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சர்வேயர் வரைபடத்தை விரித்து, அளவுக்கல்லிலிருந்து டேப் பிடித்தார். சந்து முழுக்க அவனுடையது. போதாததற்கு எங்கள் பட்டறைச் சுவரும் ஓரடி அவன் இடத்தில் நின்றது.

“இது உங்களுக்குத் தெரியுமா?” என்று குருமூர்த்தியைக் கேட்டார்.

“எங்கய்யன் காலத்துலயே தெரியுமுங்க சார். செவுர இடிச்சா நாலு தறி போயிரும், பொழைக்கற ஊடுன்னு உட்டுட்டோம்.”

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சர்வேயர் பேனாவைத் திறந்தார். “பட்டறைச் சுவரை ஆக்கிரமிப்புன்னு இப்ப எழுதவா, வேண்டாமா?”

குருமூர்த்தி என் பக்கம் கையைக் காட்டினான்.

“எழுதிக்குங்க சார். சண்முகவேலே என்னைய நம்பல. நாளைக்கு அவரு பசங்க எம்பசங்கள எங்க நம்பப்போறாங்க?”

நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. சர்வேயர் எழுத ஆரம்பித்தார்.