ஓட்டை வழியே விழுந்த கிளிக்

ப்ளோவ்திவ் கண்காட்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து லூபெனுக்குக் கண்ணாடிப் பித்து பிடித்துக்கொண்டது. அங்கே ஏதோ ஒரு கம்பெனியின் ப்ரோகிராமைத் திறந்தபோது, வழக்கமான சாம்பல் நிறச் சதுரத்துக்குப் பதிலாக ஒரு கழுகு வந்து திரையில் மிதந்ததாம். சுற்றிலும் சட்டமே கிடையாதாம். சிறகிடுக்கில் பின்னாலிருந்த படம் அப்படியே தெரிந்ததாம். பிறகு கழுகு மெல்லக் கரைந்துபோக, நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்களாம்.

"நம்ம பால் ப்ரோகிராமுக்கும் அப்படி ஒண்ணு வேணும், நெவி," என்றான். "திறந்ததும் ஒரு மண்சட்டி வரணும். சட்டி நிறையத் தயிர். மேல ஆவி பறக்கணும். ஆவிக்குள்ள பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கலாத் தெரியணும்."

"தயிர்ல எதுக்கு பாஸ் ஆவி பறக்குது?"

"உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு! அழகுக்கும்மா, அழகுக்கு."

சொல்லிக்கொண்டே அவள் திரையில் விரலை வைத்துச் சட்டி எங்கே வர வேண்டும் என்று வரைந்து காட்டினான். கீழ்க்கடையில் வாங்கித் தின்ற பனித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பணியாரத்தின் நெய் அவன் விரலில் இருந்தது. அவன் போன பிறகு திரையில் ஒரு கொழுத்த வட்டம் மின்னியது. நெவெனா கைக்குட்டையால் துடைத்தாள். அது இன்னும் பரவியது.

ராஸ்கிராத் ஊரில், பனித்ஸாக் கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறைகள் கொண்ட கம்பெனி அது. முதலாளி லூபென். ப்ரோகிராம் எழுத நெவெனாவும், அவளைவிட இளையவனான ஓக்னியானும். ஊருக்கு வெளியே இருந்த பால் ஆலைக்கு நெவெனா எழுதிக் கொடுத்த ப்ரோகிராம்தான் கம்பெனிக்குச் சோறு போட்டது. எந்தத் தொட்டியில் எவ்வளவு பால், எந்தப் பம்ப் ஓடுகிறது, எந்த வால்வு திறந்திருக்கிறது என்று திரையில் படமாகக் காட்டும். மவுஸாலேயே பம்ப்பை நிறுத்தலாம், வால்வைத் திறக்கலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அது ஒரு நாளும் படுத்ததில்லை.

சட்டி வேலையை அவள் வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினாள். சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு நிறத்தைக் குறித்துக் கொடுத்து, படத்தில் அந்த நிறம் இருக்கும் இடமெல்லாம் ஓட்டை போட்டுவிடு என்று விண்டோஸிடம் சொல்லலாம். படத்தில் வேறெங்கும் வராத, கண்ணைக் குத்துகிற ரோஸ் நிறத்தைக் குறித்தாள். சட்டி மிதந்தது. ஆனால் ஆவியின் ஓரங்கள் பாதி வெள்ளையும் பாதி ரோஸுமாகக் கலந்து, ஓட்டையாகாமல் ஒட்டிக்கொண்டன.

"சீ, என்ன இது, சட்டிக்குச் சொறி வந்த மாதிரி!" என்றான் லூபென்.

அதில் மட்டும் அவளுக்கும் அவனோடு உடன்பாடுதான். அந்த வழியைத் தூக்கி எறிந்துவிட்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக அது எவ்வளவு தெரிய வேண்டும், எவ்வளவு மறைய வேண்டும் என்று கணக்குக் கொடுத்து வரையும் வழிக்குப் போனாள். நேரம் பிடித்தது. முடிவில் ஆவி ஆவியாகவே வந்தது. பின்னாலிருந்த படம் அதற்குள் நீரில் தெரிவதுபோல் தெரிந்தது. அவளே அதை நாலைந்து முறை திறந்து திறந்து பார்த்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். லூபென் நிறுத்தவில்லை.

"இப்ப பட்டன். பட்டனெல்லாம் இதே மாதிரி கண்ணாடியாகணும். பால் தொட்டிப் படத்து மேல எழுத்து மட்டும் மிதக்கணும்."

"பாஸ், கண்ணாடிப் பட்டன்னு உண்மையில ஒண்ணு கிடையாது. பின்னாடி என்ன இருக்கோ அதைப் பார்த்து தன் மேலேயே வரைஞ்சுக்கிட்டு, இல்லாத மாதிரி நடிக்கும். பின்னாடி பால் மட்டம் ஏறி இறங்கிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவையும் திரும்ப வரையணும். கண்ணு சிமிட்டற மாதிரி சிமிட்டும். அதைச் சரி பண்ண ஒரு மாசமாவது வேணும்."

"ஓக்னியான்!" என்று திரும்பினான் லூபென். "உனக்கு எவ்வளவு நாள்டா?"

"நாளைக்கே கொடுக்கறேன், பாஸ்," என்றான் ஓக்னியான்.

கொடுத்தும்விட்டான். பட்டன்கள் எல்லாவற்றையும் ஒரு தனிப் பலகையில் வைத்து, தொட்டிப் படத்தின் மேல் மிதக்கவிட்டிருந்தான். தடித்த வெள்ளை எழுத்துகள் மட்டும் தெரிந்தன. மவுஸால் பிடித்து எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். லூபென் அவன் முதுகில் தட்டிய தட்டில் சூரியகாந்தி விதைத் தோல்கள் அவன் வாயிலிருந்து தெறித்து நெவெனாவின் மேசையில் விழுந்தன.

எப்படிச் செய்தான் என்று பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே நாளில் செய்தது எப்படி இருக்கும் என்று தெரியாதா? அந்தப் பலகை இருக்கும் பக்கமே அவள் போகவில்லை. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போட்டாள். வால்வைத் திறக்கும் முன் "நிச்சயமாகத் திறக்கவா?" என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அவள்தான் வைத்தது. லூபென் அதை எடுக்கச் சொன்னான்.

"கண்ணாடிக்கு நடுவுல இந்தச் சாம்பல் பெட்டி என்னத்துக்கு? கல்யாண வீட்டுல போலீஸ்காரன் நிக்கற மாதிரி."

"பாஸ், தெரியாம கை பட்டா?"

"கை ஏன் படுது? அவங்க என்ன குழந்தைங்களா?"

அவன் அவளைக் கேட்காமல் ஓக்னியானைக் கொண்டு எடுக்கவைத்தான். வசந்தம் முடியும்போது புதிய ப்ரோகிராம் ஆலைக்குப் போனது. மண்சட்டி மிதந்ததைப் பார்த்து ஆலை மேலாளர் பச்வாரொவ் கை தட்டினாராம்.

ஜூன் மாத வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை பெரிய தொட்டியின் வடிகால் வால்வு திறந்துகொண்டது. சுற்றுக் கிராமங்களின் பால் முழுவதும் சாக்கடையில் இறங்கியது. சாக்கடை அடைத்துக்கொள்ள, முற்றத்தில் பெருகி நின்றது. சனி, ஞாயிறு வெயிலில் அப்படியே கிடந்தது. அன்று கட்டுப்பாட்டு அறையில் வேலையில் இருந்த மிங்கா என்ற பெண்மணிதான் வால்வைத் திறந்துவிட்டாள் என்று சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று பச்வாரொவ் போனில் சொன்னார். திங்கட்கிழமை லூபென் நெவெனாவையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

வாசலுக்கு வரும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. புளித்த தயிர் நாற்றம் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். இது வேறு. செத்த எலியும் பழைய பாலாடைக்கட்டியும் வாந்தியும் ஒன்றாகக் கலந்தாற்போல் தொண்டையில் வந்து அமர்ந்தது. முற்றத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக ஏடு படர்ந்து, அதன் மேல் ஈக்கள் கறுப்பாக மொய்த்திருந்தன. இரண்டு பேர் மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பு ஏட்டுக்குள் அமுங்கி, சளியைப் போல நூல் விட்டுக்கொண்டு வெளியே வந்தது. லூபென் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டான். அதிலிருந்து அவன் பூசும் சென்ட் வாசனை கிளம்பியது. அவளுக்கு அதுதான் குமட்டியது.

கட்டுப்பாட்டு அறையில் மிங்கா வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகச் சுவரோரம் நின்றாள். நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள். பச்வாரொவ் நாற்காலியில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"பம்ப் சூடாகி மணி அடிச்சுது. நிறுத்துன்னு அமுக்கினேன்," என்றாள் மிங்கா. "வால்வ நான் தொடவே இல்ல. நூறு தடவ சொல்லிட்டேன்."

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலியே," என்றான் லூபென் இனிக்க இனிக்க. "வால்வு மேலதான் கிளிக் விழுந்திருக்கு. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அக்கா, கண்ணு டாக்டர்கிட்ட காட்டி எவ்வளவு நாளாச்சு?"

பச்வாரொவ் சிரித்துவிட்டார். மிங்காவின் முகம் சுண்டிப்போனது.

நெவெனா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். "அக்கா, அன்னிக்கு இந்தப் பட்டன் பலகை எங்க இருந்துது?"

மிங்கா வந்து, மணியோடு வந்த எச்சரிக்கைச் செய்தியை மறைத்த பலகையைத் தான் எங்கே ஒதுக்கினாள் என்று நகர்த்திக் காட்டினாள். வெள்ளை எழுத்துகள் பெரிய தொட்டியின் அடிப்பகுதி மேல் போய் மிதந்தன. நெவெனா நிறுத்தும் பட்டனை அமுக்கினாள். பம்ப் நின்றது. ஓடவிட்டு மறுபடி அமுக்கினாள். நின்றது. 'ஸ்டாப்' என்பது அவர்கள் மொழியில் நான்கு எழுத்துகள். மூன்றாவது எழுத்து உருண்டையான ஓ. அடுத்த முறை அவள் மவுஸ் முனை அந்த ஓவின் நடுவில் விழுந்தது.

பம்ப் நிற்கவில்லை. கீழே தொட்டிப் படத்தில் வடிகால் வால்வு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

அவள் உடனே அதை மூடினாள். ரோஸ் நிற வித்தை! அவள் சொறி என்று தூக்கி எறிந்ததை ஓக்னியான் பொறுக்கியெடுத்துப் பட்டன்களுக்குப் போட்டிருக்கிறான். எழுத்து இருக்கும் இடம் மட்டும்தான் பட்டன். மற்றதெல்லாம் ஓட்டை. கண்ணுக்கு ஓட்டை என்றால் கிளிக்குக்கும் ஓட்டை. அது நேரே விழுந்து கீழே எது இருக்கிறதோ அதை அமுக்கும்.

தோளில் ஒரு கை விழுந்தது. லூபென் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது என்று அவன் விரல்கள் அழுத்திய அழுத்தத்தில் தெரிந்தது.

"வா நெவி, ஒரு காபி குடிச்சிட்டு வரலாம்."

நடையில் காபி மெஷின் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினான். "யாரும் பாக்கல. நல்லதாப்போச்சு. நாளைக்கு ஓக்னியான் சரிபண்ணி அனுப்பிடுவான். புது வெர்ஷன்னு போட்டுக்கலாம்."

"அந்த அக்கா?"

"அது இன்னும் எத்தன நாளைக்கு வேல பாக்கப்போகுது? வீட்டுல உக்காந்து தக்காளி போட்டு வளர்க்கட்டும். நீ ஏன் தங்கம் மூஞ்சியத் தூக்கற? சர்க்கரை ஒண்ணா ரெண்டா?"

அவன் முகத்தில் பயமோ வெட்கமோ இல்லை. நிம்மதி மட்டும்தான் இருந்தது. முற்றத்து நாற்றம் நடைக்குள் வந்துகொண்டிருந்தது. அவன் கொடுத்த காபியை அவள் வாங்கவில்லை. அறைக்குத் திரும்பி நடந்தாள்.

"பச்வாரொவ் சார், நீங்க வந்து இங்க உக்காருங்க."

"நானா? எதுக்கு?"

"தொட்டியில இப்ப கழுவற தண்ணிதான் இருக்கு. பயப்படாதீங்க. பம்ப்ப நிறுத்துங்க, போதும்."

பச்வாரொவ் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மிங்காவுக்குப் பாடம் நடத்துவதுபோல் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொல்லின் நட்டநடுவில் குறிவைத்து அமுக்கினார். நட்டநடுவில் இரண்டு எழுத்துகளுக்கு இடையிலான சந்துதான் இருந்தது. வெளியே வடிகாலில் தண்ணீர் சோவென்று இறங்கும் சத்தம் கேட்டது. முற்றத்தில் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள்.

"நான் தொடவே இல்லியே அத!" என்றார் பச்வாரொவ்.

"நீங்க எப்ப காட்டினீங்க கண் டாக்டர்கிட்ட?" என்றாள் மிங்கா.

அதற்குப் பிறகு நடந்ததை நெவெனா பாதிதான் காதில் வாங்கினாள். அவள் விளக்கிச் சொன்னாள். லூபென் இடையில் புகுந்து, "அந்தச் சின்னப் பையன் செஞ்ச தப்பு சார், இன்னிக்கே அவனத் தூக்கிடறேன்," என்றான். கேள்வி கேட்கும் பெட்டி எங்கே என்று பச்வாரொவ் கேட்டதற்கு, "நீங்கதானே சார் மாடர்னா வேணும்னீங்க," என்றான். பச்வாரொவ் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்து பார்த்தார்கள். லூபென் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான்.

அவள் அங்கேயே உட்கார்ந்து, பழைய சாம்பல் பட்டன்களையும் கேள்விப் பெட்டியையும் திரும்பப் போட்டாள். பச்வாரொவ் பின்னால் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"அந்தச் சட்டி மட்டும் இருக்கட்டுமே? வர்றவங்களுக்குக் காட்ட நல்லாருக்கு."

முற்றத்தில் இன்னும் ஈக்கள் இரைந்துகொண்டிருந்தன. இந்த மனிதருக்குச் சட்டி வேண்டும்! அவள் சட்டியை விட்டுவைத்தாள்.

மிங்கா நன்றி எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பட்டன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அனுப்பறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவகூட அமுக்கிப் பாக்கலியா?"

"இல்லக்கா. அது நான் செஞ்சது இல்ல. எனக்கு அதப் பாக்கவே புடிக்கல."

"புடிக்கலன்னு விட்டுட்ட."

"ஆமா."

"எனக்கும் இந்த எடம் புடிக்கல," என்றாள் மிங்கா. "ஆனா தினம் தொட்டிய எட்டிப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்."

நெவெனாவுக்கு முகம் எரிந்தது. லூபென் மேலும் ஓக்னியான் மேலும் இருந்த அருவருப்பில் ஒரு பங்கு தன் பக்கம் திரும்பியதை உணர்ந்தாள். அது அங்கேயே தங்கியது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி அவள் செருப்பைப் பார்த்துவிட்டு முன்பக்கம் நகர்ந்து போனாள். வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு படியேறினாள். குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நெவி, தங்கம்," என்றான் லூபென். குரலில் தேன் ஒழுகியது. "கோபமெல்லாம் போயிடுச்சு எனக்கு. பச்வாரொவ் இப்பத்தான் பேசினாரு. இனிமே நீ கை வெச்சாத்தான் அவர் எதையும் ஏத்துப்பாராம். நாம எல்லாம் ஒரே குடும்பம் இல்லியா? நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. ஓக்னியானுக்கும் சொல்லிட்டேன், இனி நீ சொல்றதுதான்."

"அவனத் தூக்கிடறேன்னு சொன்னீங்களே?"

"அதெல்லாம் அந்த ஆள் எதிர்ல சொல்றதும்மா."

"நான் வரல, பாஸ். வேற ஆள் பாத்துக்கோங்க."

"ஏன், ஒரு பட்டனுக்காகவா? ஒரு சின்ன ஓட்டைக்காகவா?"

"ஓட்டைக்காக இல்ல. காபி குடிக்கலாம் வான்னு கூப்பிட்டீங்களே, அதுக்கு."

அவன் ஏதோ சிரித்துப் பேச ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டு, காது பட்ட இடத்தைத் துவாலையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.