எங்கள் வார்டில் நாலே பேர்

எங்கள் வார்டில் ஞாபகமறதி நோய் உள்ளவர்கள் நாலே பேராம். நகராட்சிக் கூட்டத்தில் திட்ட அதிகாரி வாய் கூசாமல் வாசித்தார். நாலு பேருக்காகப் பகல் பராமரிப்பு மையம் திறக்க முடியாதாம். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"எங்க தெருவுல மட்டுமே நாலு பேர் இருக்காங்க சார்! எங்கப்பாவைச் சேர்த்தா அஞ்சு!"

அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. எனக்கோ ஹோட்டல் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. காலையில் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன். ஆமாம், பெற்ற அப்பனைப் பூட்டி வைக்கிறேன். போன வாரம் கதவைத் தட்டித் தட்டி அவர் கை வீங்கிப்போயிருந்தது. மையம் வந்தால் அந்தப் பூட்டைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று ஒரு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "உங்கப்பா பேருக்கு நேரா 'இல்லை'ன்னு இருக்கும்மா. கணக்கெடுக்க வந்தவங்க ஜன்னல் வழியா கேட்டிருக்காங்க. மறதி எதுவும் இல்லைன்னு அவரே சொல்லியிருக்கார்."

"அவர்கிட்டயே கேட்டீங்களா? காலையில சாப்பிட்டதே தெரியாத மனுஷன்கிட்டயா? என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"வீட்டுல இருக்கிறவங்க இல்லாததையும் சேர்த்துச் சொல்லிடுறாங்கம்மா. சம்பந்தப்பட்டவர் வாயால சொன்னாதான் எழுதணும்னு விதி."

இந்த விதியைப் போட்ட புண்ணியவான் கையில் கிடைத்தால் என் இஸ்திரிப் பெட்டிக்கு வேறு வேலை வைத்திருப்பேன்.

"சந்தேகமா இருந்தா இப்பவே கேட்டுடுறேன்" என்று அதிகாரி அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு மறதி ஏதாவது இருக்கா?"

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "சேச்சே! எனக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கேன்."

அதிகாரி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆத்திரத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மேஜைப் பக்கம் சாய்ந்து அதிகாரியிடம் ரகசியம் போலச் சொன்னார். அது கூடம் முழுக்கக் கேட்டது.

"இந்தப் பொண்ணு யாருன்னு தெரியலை சார். வந்ததுல இருந்து கத்திக்கிட்டே இருக்கு. பாவம், இப்ப அழ வேற ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு ஏதாவது ஒரு வழி பண்ணி அனுப்புங்க."

சிரிப்பு நின்றது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"வைக்காதீங்க, எழுதுங்க சார்" என்றேன். "அவர் வாயாலயே சொல்லிட்டார்."