திறப்பு விழாத் தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே சுனையைச் சுற்றிக் குடங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. குடத்துக்காரிகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பாறையில் சாய்ந்திருந்தார்கள். சம்பூர்ணம் சுனையின் வாயை அடைத்திருந்த முள்ளைக் கவைக்கோலால் இழுத்துப் போட்டுவிட்டு, பலகைக்கல்லை நெம்பி நகர்த்தினாள். ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர் அடிக்கல் தெரியத் தெளிந்து கிடந்தது. தினம் பார்ப்பதுதான் என்றாலும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"வூட்டுக்கு ரெண்டு கொடம். அடிய கலக்காம மொண்டுக்கினு போங்க" என்றாள்.

நெல்லிமரத்தூரில் மாசி பிறந்தால் சுனையை மூடிவிடுவார்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் திறப்பு. நடுவில் ஊர்க்கவுண்டரே வந்து நின்றாலும் கல் நகராது. மேல்தண்ணீரை மொண்டுகொள்ளலாம், அடித்தண்ணீரைத் தொடக்கூடாது. அடித்தண்ணீர் வற்றினால் சேறு இறங்கி ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். சித்திரையில் கோடைமழை வரும்வரை இப்படி இழுத்துப் பிடித்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும். காவல் வருஷத்துக்கு ஒரு வீடு. இந்த வருஷம் சம்பூர்ணத்தின் வீடு. அவள் புருஷன் கருப்பன் குடகில் மிளகு பறிக்கப் போயிருந்ததால் காவல் முழுக்க அவள் தலையில் விழுந்தது.

அவளுக்கு அது பாரமாகத் தெரியவில்லை. வீட்டில் சினைமாடு நின்றது. பங்குனிக் கடைசியில் கன்று போடும். "கன்னு போட்டு பால் கறக்க ஆரம்பிச்சிச்சின்னா நான் வந்துர்றேன் சம்பூர்ணம். இந்தக் குளுருல அட்டைக்கடி என்னால முடியல" என்று கருப்பன் போனில் சொல்லியிருந்தான். முன்னால் ஒரு வருஷம் சுனை வற்றியபோது ஊர் மாடுகளில் பாதி அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கிப்போனது. வாங்கியவர்கள் பால் கறக்க வாங்கவில்லை. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஊரில் தொட்டிக்கு மட்டும் பஞ்சமில்லை. தேர்தலுக்கு ஒன்றாக முளைத்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கத்துச் சிமெண்ட் தொட்டியில் ஓணான்கள் குடியிருந்தன. கோயிலடியில் இருந்த கறுப்புத் தொட்டிக்கு நல்ல போர் இருந்தது, மோட்டார்தான் கம்பிச்சுருள் கருகிக் கிடந்தது. மோட்டார் கட்டிக் கொடுங்கள் என்று டேங்க் ஆபரேட்டர் விஜயராஜ் ஆபீசுக்கு நடையாய் நடந்தான். ரிப்பேருக்கு நிதி இல்லை என்றார்கள். புதுசு கட்ட இருந்தது. இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் நீலப் பெயிண்ட் அடித்து மூன்றாவது தொட்டி நாலு கால் ஊன்றி எழுந்துவிட்டது. அதற்குப் போட்ட போரில் வெறும் புகைதான் வந்தது. அதனால் என்ன, விழாவுக்குத் தேவை தொட்டிதானே.

அன்று மதியம் சம்பூர்ணம் சுனைப் பாறையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மினிலாரி மேடேறி வந்து நின்றது. பின்னால் ஆயில் இன்ஜினும் ஓஸ் பைப்பும் கிடந்தன. விஜயராஜ் முதலில் குதித்தான். அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அம்மா செத்தபிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. அவனோடு ஓவர்சியர் அருண்ராஜும், ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் தனசேகரனும் இறங்கினார்கள்.

"அக்கா, நாளைக்குக் காலைல எம்.எல்.ஏ. தொட்டி தெறக்க வர்றாருங்க" என்றார் ஓவர்சியர். சின்ன வயசு. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "எலெக்ஷன் தேதி எப்ப வேணா அறிவிச்சிடுவாங்க. அறிவிச்சிட்டா அப்புறம் ஒண்ணையும் தெறக்க முடியாது."

"தெறக்கட்டும் சார். யாரு வேணாம்னது?"

"கொழாய திருப்புனா தண்ணி வரணும்ல?"

சம்பூர்ணம் மடியில் இருந்த புளியங்கொட்டையை உதறினாள். எழுந்துபோய் பலகைக்கல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இது ஊரு தண்ணி சார்."

"தொட்டியும் ஊருக்குத்தானே அக்கா?"

"ஊரு தொட்டி கேட்டுச்சா? கறுப்புத் தொட்டிக்கு மோட்டார் கட்டிக் குடுங்கன்னு கேட்டுது. கை ஒடிஞ்சவன் கட்டு போட சொன்னா, மூணாவதா ஒரு கைய ஒட்டி உட்டுட்டு போறீங்களே."

தனசேகரன் சிரித்துவிட்டார். அவரும் அந்த ஊர்க்காரர்தான், அவருக்கும் இதே சுனைதான். "கவர்மெண்டு குடுக்கும்போது வாங்கிக்கணும் சம்பூர்ணம். உன் காசா போவுது, என் காசா போவுது?"

"பின்ன யாரு காசு மாமா? நான் சோப்பு வாங்குனா வரி, எண்ண வாங்குனா வரி. பத்தாததுக்கு கடன் வேற வாங்கித்தான் இதெல்லாம் குடுக்கறாங்களாம். டீக்கடையில தெனம் அதான் பேச்சு. ஊரான் வூட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு இஸ்டத்துக்கு ஊத்திட்டு போய்டுவாங்க. நாளைக்கு கட்டப்போறது என் வயித்துப் புள்ளைங்களும் உன் பேரனுங்களும்தானே?"

"நீ பேசறதுக்குப் பேசாம எலெக்ஷன்ல நில்லு" என்றார் தனசேகரன். பிறகு, இன்ஜின் சத்தம் கேட்டுக் கூடிவிட்ட பெண்கள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு விழாவுல வூட்டுக்கு ஒரு எவர்சில்வர் கொடம் குடுக்கறாங்க. தெரியும்ல?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

"கொடம் யாரு வூட்ல இல்ல? அதுல ஊத்தறதுக்குத்தான் இல்ல" என்றாள் சம்பூர்ணம்.

பக்கத்து வீட்டுச் செல்லி முன்னால் வந்தாள். போன வருஷக் காவல் அவளுடையது. அதனால் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. "ஏண்டி, தண்ணி எங்க ஓடிடப் போவுது? சுனைலேர்ந்து தொட்டிக்குப் போவுது. தொட்டிலேர்ந்து கொழாய்க்கு வருது. கொழாயில நாமதானே புடிக்கப் போறோம்? எப்டி சுத்துனாலும் நம்ம கொடத்துக்குத்தான் வருது. தூக்கிக்கினு எறங்கற நோவாவது மிச்சம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. சம்பூர்ணத்துக்குக்கூட எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. மேட்டுச் சுனையிலிருந்து குடத்தோடு இறங்கி இறங்கி எல்லாருடைய முழங்காலும் தேய்ந்துதான் கிடந்தது.

விஜயராஜ் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "அக்கா, விழா நல்லபடியா முடிஞ்சா என்ன பெர்மனன்ட் பண்ண எழுதறேன்னு சொல்லிகிறாங்க. எத்தினி வருசமா கூலிக்கு வால்வு திருப்பிக்கினு கீறேன்? இன்னா சொல்ற?"

அவள் ஓவர்சியரைப் பார்த்தாள்.

"நானும் கான்ட்ராக்ட்லதான் அக்கா வேல செய்றேன். நாளைக்குக் கொழாயில காத்து வந்தா, என்னத்தான் மொதல்ல வூட்டுக்கு அனுப்புவாங்க" என்றார் அவர். அது பொய் இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

சம்பூர்ணம் கல்லைவிட்டு இறங்கி, தானே அதை நெம்பித் தள்ளினாள். "முழங்கால் தண்ணி அடியில உட்டுடணும். அதுக்கு கீழ இஸ்தா நான் பொல்லாதவளா ஆயிடுவேன்."

இன்ஜின் ஓடத் தொடங்கியது. அவள் கரையிலேயே நின்றாள். ஒரு ராத்திரி ஊறுகிற தண்ணீர் கண்ணெதிரே மளமளவென்று இறங்கியது. முழங்கால் அளவுக்கு வந்ததும், "நிறுத்துடா விஜயா!" என்று கத்தினாள். கீழே தொட்டிமேல் ஏறி நின்ற லாரிக்காரன், இன்னும் குழாய் மட்டத்துக்கே வரவில்லை என்று கையை ஆட்டினான். இன்ஜின் பக்கத்தில் நின்ற விஜயராஜ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இன்ஜினிடம் ஓடிவருவதற்குள் பைப் சேற்றை இழுத்து, இரண்டு முறை இருமிவிட்டுத் தானாகவே நின்றுபோனது. நாளைக்குக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம், அதற்குள் சுனையும் ஊறிவிடும் என்று அன்று சாயங்காலம் யாரும் குடம் எடுத்து வரவில்லை.

மறுநாள் விழா ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பந்தல், மைக்செட், கொடி, வாழைமரம். எம்.எல்.ஏ. வந்து கல்வெட்டின் திரையை விலக்கினார். குழாயைத் திருப்பினார். தண்ணீர் பீறிட்டு வந்தபோது மேளம் முழங்கியது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக ஊர்த் தண்ணீரை ஊருக்கே திறந்துவிட்டு, இந்த வருஷம் மலைக்கு என்னென்ன ஒதுக்கியிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்லக் கை தட்டினார்கள். சம்பூர்ணமும் தட்டினாள். மேடை ஓரத்தில் தம்பி புதுச்சட்டை போட்டு நின்றிருந்தான். அவனைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து வாளியில் ஊற்றி மாட்டின் முன் வைத்தாள். மாடு மூக்கை வைத்தது. புஸ்ஸென்று ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தவிட்டைத் தூவிப் பார்த்தாள், அப்போதும் தொடவில்லை. அவள் ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்ததுபோல நாக்கு தடித்தது. அதற்குள் செல்லி சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தாள். "இன்னாடி இது, சோறு கசக்குது?"

இரண்டு பேரும் தொட்டியடிக்குப் போனார்கள். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓவர்சியர் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ, அதக் குடிக்காதீங்கக்கா" என்றார். "புது சிமெண்டு. மொதத் தண்ணிய ரெண்டு மூணு வாட்டி ரொப்பி வெளிய உட்டாத்தான் குடிக்க ஆவும். இன்னிக்கி சாயங்காலம் விஜயராஜே தெறந்து உட்ருவான்."

பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தொட்டியையும் அப்படித்தான் கழுவியிருப்பார்கள். அது போர்த் தண்ணீர், கழுவியதும் கான்ட்ராக்டர் ஆட்கள். ஊரில் யாரும் நின்று பார்த்ததில்லை.

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னா சார்?"

அவர் வண்டிக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொல்லியிருந்தா நீங்க உட்ருக்க மாட்டீங்களே அக்கா."

செல்லி பானையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "என் வாய்தாண்டி சம்பூர்ணம். எல்லாம் இந்தப் பாழாப்போன வாய்தான்" என்று அழுதாள். சம்பூர்ணத்துக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கல்லை நகர்த்தியது தன் கை. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

சாயங்காலம் சுனையில் குடங்கள் கூடின. உள்ளே சேறுதான் இருந்தது. விஜயராஜ் இறங்கிக் கையால் வழித்து வழித்துப் போட்டான். ஊற்றுக்கண் இருந்த இடம் பிடிபடவில்லை. இருட்டும்போது ஒரு மூலையில் மட்டும் ஈரம் கசிந்தது. மறுபடி ஊறி நிறைய எத்தனை நாளாகும், நிறையுமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இனி குடிக்கிற தண்ணீருக்கே மலையிறங்கிக் கீழ்க்காட்டு ஓடைக்குப் போக வேண்டும், மாட்டுக்கும் சேர்த்துச் சுமக்க யாராலும் முடியாது.

மேலே ஏறி வந்த விஜயராஜ் அக்காவின் முன்னால் நின்றான். உடம்பெல்லாம் சேறு. "தேதி அறிவிச்சிட்டாங்களாம் அக்கா. டீக்கடை டிவியில சொல்றாங்களாம். பெர்மனன்ட் பேப்பரு இனிமே எலெக்ஷன் முடிஞ்சாத்தான் நகருமாம். அப்பவும் யாரு வர்றாங்களோ பாக்கணும்ங்கறாங்க."

அவள் முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

அன்றைக்குக் கருப்பன் போன் செய்தான். "மாடு எப்டிகீது?"

"நல்லாகீது" என்றாள். போனை வைத்துவிட்டு, மாட்டுத் தரகன் சேட்டுவுக்குச் சொல்லியனுப்பினாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே சுனைக்குள் இறங்கிவிட்டாள். கசிகிற மூலையில் கொட்டாங்கச்சியை வைத்துக் காத்திருந்து, சுரண்டிச் சுரண்டிக் குடத்தில் ஊற்றினாள். வெயில் ஏறியபோது அரைக்குடம் தேறியது. சேறு கலந்த தண்ணீர்தான், தெளியவைத்தால் மாடு குடிக்கும். சேட்டு வருகிறவரைக்குமாவது அது வயிறு காயாமல் நிற்கட்டும் என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

புதுத் தொட்டியடியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் வெள்ளைக் காகிதச் சுருள். இன்னொருவர் வாளியில் மைதா மாவைக் கொட்டி வைத்துக்கொண்டு குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் சொட்டுகூட விடவில்லை. காக்கி அரைக்கால்சட்டையும் செருப்பில்லாத காலுமாக, அவரும் கூலிக்கு வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, இந்தக் கல்வெட்ட பேப்பர் ஒட்டி மறைக்கணும். தேதி அறிவிச்சிட்டாங்கல்ல, பேரு வெளிய தெரியக்கூடாது. இன்னும் ஏழெட்டு ஊரு போவணும்" என்றார். "பசை கரைக்கக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

சம்பூர்ணம் நின்றாள். தண்ணீர் என்று கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி அந்த ஊரில் பழக்கம் இல்லை. குடத்தைச் சாய்த்தாள். அவர் குச்சியால் கிண்டினார். கெட்டியாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றினாள். காகிதத்தில் பசையைத் தடவிக் கல்லில் ஒட்டினார்கள். பெயர்கள், தேதி, செலவுத் தொகை எல்லாம் மறைந்தன. பக்கத்தில் இருந்தவர் தள்ளி நின்று பார்த்து, ஓரத்தை அழுத்திவிட்டார்.

பசைக்காரர் பிசுபிசுத்த கைகளைச் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார்.

"கொஞ்சம் ஊத்துங்கக்கா, கை கழுவிக்கிறேன்."

அவர் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவி முடிக்கும்வரை அவள் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.