டாக்டர் வீட்டு மூன்று படிகள்

கண்டக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் ஜீப்பின் பின்கதவைப் பிடித்துத் தொங்கியேவிட்டாள். முப்பது வருஷம் பஸ் கம்பியைப் பிடித்த கை அது, சுலபத்தில் விடுமா? ஜீப்புக்குள்ளே அவள் வீட்டுப் பலகை கிடந்தது. ஆளுயரத்துக்கும் மேல் நீளமான பழைய கதவு அது. வாசலின் மூன்று படிகள்மேல் அதைச் சாய்த்துப் போட்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் புருஷனை அன்றைக்கு வெளியே இறக்குவதாக இருந்தாள். அதற்குள் மரபுச் சின்னத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பலகையைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள்.

“பாதுகாக்கப்பட்ட வீடும்மா. முகப்புல புதுசா எதையும் சேக்கக் கூடாது,” என்றான் ஒருவன்.

“எம்புருஷன் எப்படிய்யா வெளிய வருவாரு?”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுக்கவேண்டுமாம்! எழுதிக் கொடுத்து வந்த வினைதானே இத்தனையும். ஊரில் விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில் ஒரு டாக்டர் அந்த வீட்டு முன்னறையில் வைத்துத்தான் ஊரையே பிழைக்கவைத்தார். கண்டக்டரம்மாவின் அப்பா அவருக்குக் கம்பவுண்டர். பிள்ளைகுட்டி இல்லாத டாக்டர் கடைசியில் வீட்டைக் கம்பவுண்டர் பேருக்கே எழுதிவைத்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடக்காரன் அக்கம்பக்கத்து வீடுகளை வாங்கித் தரைமட்டமாக்கிவிட்டு, இதையும் கேட்டு மிரட்டினான். அவள்தான் மனுமேல் மனுவாகப் போட்டு, சட்டப்படி பாதுகாப்பு வாங்கினாள். அரசிதழில் அறிவிப்பு வந்த அன்று டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

புருஷன் அவள் போன அதே பஸ்ஸின் டிரைவர். இரண்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் மூன்று மாசத்துக்குள் பயிற்சி கொடுத்தால்தான் நன்றாகத் தேறும், வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் கூட்டிவாருங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எதிர்வீட்டு ஆட்டோக்காரரும் இஸ்திரிக் கடைக்காரரும் நாற்காலியோடு தூக்கினார்கள். இரண்டாம் தடவை ஒருவருக்குக் கால் வழுக்கி, மனுஷன் தலை படியில் மோதி நாலு தையல். அன்றோடு சரி. “என்னை மூட்டை மாதிரி யாரும் தூக்க வேணாம், நான் இப்படியே கெடந்துட்டுப் போறேன்,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐந்து வாரம் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு மாசம்கூட இல்லை.

ஜீப் பலகையோடு போன மறுநாள் காலையில் துறை அலுவலகத்தில் போய் நின்றாள். அதிகாரி ரொம்ப மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“சட்டம் என் கையில இல்லம்மா. அறிவிப்பு வந்த அன்னைக்கு வரைபடத்துல என்ன இருக்கோ, அது அப்படியே இருக்கணும். ஒரு ஆணி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதெல்லாம் அந்த டாக்டர் கால் பட்ட படிங்க.”

“டாக்டர் கால் மட்டுமா சார் பட்டுச்சு? நடக்க முடியாதவங்களை எங்கப்பா தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஏறின படி சார் அது! சீக்காளி உள்ள வர்றதுக்குன்னே இருந்த வீடு. அந்த வீட்டையே காட்டி, சீக்காளி வெளிய போகக் கூடாதுங்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

“சரி, அந்தப் படத்தைக் காட்டுங்க.”

“அது உங்களுக்குப் புரியாதும்மா.”

“கூட்ட நெரிசல்ல நூறு மூஞ்சியை ஞாபகம் வச்சு டிக்கெட் குடுத்தவ சார் நான். கொண்டாரச் சொல்லுங்க.”

படம் வரைந்தவரே சுருளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். ஜன்னல் கம்பி எத்தனை, தரையில் விரிசல் எங்கே, எல்லாம் இருந்தது. மூலையில் அவள் வைத்திருந்த ரோஜாத் தொட்டிகூட இருந்தது. “தரையைத் தொட்டு நிக்கிற எதையும் நான் விடமாட்டேன்,” என்றார் அவர் பெருமையாக. கண்டக்டரம்மா வாசலைத் தேடினாள். மூன்று படிகள். அவற்றின்மேல் நீளமாக ஒரு கட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், ‘சாய்தளம், மரம், ஒன்று’. நீளம், அகலம், பூட்டு இருந்த ஓட்டை உட்பட.

அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அளவெடுக்க வந்த அன்றுதான் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. இறக்கியவர்கள் பின்கட்டில் கிடந்த கதவைப் படிமேல் போட்டு ஃபிரிட்ஜை ஏற்றிவிட்டு, எடுத்துவைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து இவர் வந்து, “ஆளுங்க தள்ளி நில்லுங்க, படத்துல ஆள் வரக் கூடாது,” என்று குடும்பத்தையே ஓரங்கட்டிவிட்டு வரைந்திருக்கிறார். அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். அரசாங்கமும் அச்சடித்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். சொல்லி? இவ்வளவு நேரம் சொன்னதும் உண்மைதானே, யார் கேட்டார்கள்?

“சார், இது என்னது?” என்று கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

“இந்தப் பலகை இப்ப எங்க சார் இருக்கு?”

அதிகாரியின் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே, ஜீப் நிறுத்துகிற கொட்டகையில் அது சாய்ந்து நின்றது.

“பாதுகாக்கப்பட்ட சின்னத்துல ஒரு பாகத்தைப் பேத்துக்கிட்டு வந்து கொட்டகையில போட்டிருக்கீங்க. இதுக்கு என்ன தண்டனைன்னு உங்க சட்டத்துல போட்டிருக்குமே? இல்ல, அதெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?”

“இல்லாததை நான் வரையலீங்க சார்,” என்றார் படம் வரைந்தவர், பாவம், வெளிறிப்போய்.

பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்க அதிகாரியை ஒப்புக்கொள்ளவைத்து, ஜெயித்துவிட்டு வீடு திரும்பியவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. நியாயத்தைச் சொல்லிக் கெஞ்சியபோது அசையாத ஜென்மங்கள், தங்கள் தப்பு வெளியே வந்துவிடுமே என்றதும் அல்லவா அசைகிறார்கள்!

மூன்றாம் நாள் அதே ஜீப் வந்தது. அதே இரண்டு பேர் பலகையைத் தோளில் சுமந்துவந்து படிகள்மேல் பொருத்தினார்கள். பழையபடி வைத்தாயிற்று என்று கோப்பில் சேர்க்க, அதிகாரியே கேமராவோடு வந்திருந்தார். வாசலில் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரிக் கடைக்காரர் தேய்த்துக் கொடுத்த சட்டை.

“சாரைக் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கச் சொல்லுங்கம்மா. படத்துல ஆள் வரக் கூடாது,” என்றார் அதிகாரி.

கண்டக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

“டிரைவர் சார், வண்டிய எடுக்கலாமா?”

ஐந்து வாரமாகச் சுவரைப் பார்த்தே கிடந்த மனுஷன், குழறலாகச் சொன்னார்: “பிரேக் உங்கையில இருக்கு. பாத்து.”

“போலாம் ரைட்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அதிகாரி கேமராவை அமுக்கியபடியே ஒதுங்கினார்.

துறையின் கோப்பில் அந்த வீட்டுக்கு நாற்பத்தாறு படங்கள் இருக்கின்றன. ஆள் இருக்கிற படம் அது ஒன்றுதான்.