கழுவி வைத்த கொல்லை

பொன்னி மல்லாட்டைச் செடிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மருந்தடிக்கிற ஸ்பிரேயரை மூன்று தண்ணீர் அலசி, வெறும் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டியிருந்தாள். தண்ணீர் பட்ட இலையிலிருந்து மை கரைகிற மாதிரி கறுப்பு ஒழுகியது. ஜீப் வந்து நிற்கப்போகும் பக்கத்து நாலு வரிசையை மட்டும் மேரிசெல்வி பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டு வந்தாள். இருவரும் விடியலில் அளத்தில் உப்பு வாரிவிட்டு வந்தவர்கள். விரலிடுக்கு வெடிப்பில் ஈரம் பட்டபோதெல்லாம் எரிந்தது.

"எம் புள்ளைங்களகூட நான் இப்படிக் குளிப்பாட்டுனதில்லடி" என்றாள் மேரிசெல்வி.

"அதுங்கள பாக்க ஆபீசரா வந்தாரு?"

கொல்லைக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, தார் பிளாண்ட் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ரோட்டை அகலமாக்கி முடிக்கிற வரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ரோடு இன்னும் அகலமாகிக்கொண்டிருந்தது. வாசலில் 'பசுமையே எங்கள் மூச்சு' என்று பச்சை போர்டு. மூச்சு என்னவோ கறுப்பாகத்தான் வந்தது. வாடைக் காற்று அடித்தால் கரியும் ஜல்லித் தூளும் கொல்லை முழுக்கப் படிந்தன. வேர்க்கடலைச் செடியில் பூ குறைந்தது. விழுது மண்ணில் இறங்கினாலும் காய்க்குள் பருப்பு பிடிக்கவில்லை. இருபத்தைந்து மூட்டை வந்துகொண்டிருந்த நிலத்தில் போன பட்டத்தில் பதினொன்று வந்தது. அதிலும் பாதி பொக்கு.

நிலம் கூனிமேடு அப்துல் சுக்கூருடையது. பொன்னி பத்து வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் வைக்கிறாள். பிளாண்ட்காரர்கள் லாரி நிறுத்த அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தாரில் இருக்கும் மகன் முஜீப் ரஹ்மான், கொடுத்துத் தொலையுங்கள் அத்தா என்று வாரா வாரம் போனில் சொன்னான். சுக்கூர் பாய்க்கு மனசில்லை.

"பொகையாலதான் வெள்ளாமை போச்சுன்னு கவர்மென்ட் ஒரு காயிதம் குடுத்தா போதும்மா. பிளாண்ட வேற எடத்துக்கு மாத்தச் சொல்லிடலாம். எம் புள்ள வாயையும் அடைச்சிடலாம்" என்றார். அவரே மனு எழுதினார்; பொன்னி கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மாதம் கழித்து, மாசியில், கவர்மென்ட் ஆபீசிலிருந்து பொன்னிக்கு போன் வந்தது. பேசியவன் தெளிவாகத்தான் சொன்னான்: "நாளைக்கு சார் ஸ்பாட்டுக்கு வர்றாரு. பயிர ரெடியா வெச்சிருங்க."

ரெடி என்றால் என்னவென்று பொன்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளத்துக்கு ஆபீசர் வருகிறார் என்றால் மேஸ்திரி முதல்நாளே வரப்பைக் கூட்டச் சொல்வார். உப்புக் குவியலில் அழுக்கை வாரிவிட்டு வெள்ளையைக் காட்டச் சொல்வார். ஆட்களைத் துவைத்த புடவையில் வரச் சொல்வார். அன்றைக்கு மட்டும் கொடுக்கிற ரப்பர் பூட்ஸைச் சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார். இருபது வருஷமாக இப்படித்தான். பெரியவர்கள் பார்க்க வரும்போது எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது. பொன்னி மரியாதை தெரிந்தவள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆபீசர் புருஷோத்தமன் வந்தார். கூடவே போட்டோ எடுக்க ஒருவர், குடை பிடிக்க ஒருவர், காற்றை அளக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர். வெயிலில் காய்ந்தால் பெட்டி கெட்டுவிடும் என்று அதை ஜீப் நிழலில் வைத்து மூடினார்கள். அன்றைக்குப் பிளாண்ட் குழாயிலும் புகை இல்லை. அதற்கும் மரியாதை தெரிந்திருந்தது.

ஆபீசர் வரப்போரம் குனிந்து, வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் இலையைத் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. இன்னும் நாலு இலையைத் துடைத்தார். கைக்குட்டையை போட்டோ எடுக்கச் சொன்னார்.

"பரவாயில்லியே, நல்லா வெச்சிருக்கம்மா."

பொன்னிக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. ஒரு கணம் பெருமையாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற சுக்கூர் பாய்தான் முகம் மாறினார்.

"கழுவுனியாம்மா?" என்றார் மெதுவாக.

"ஆமா பாய். ரெடியா வெக்கச் சொன்னாங்களே."

பாய் ஆபீசரிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும், கழுவியதற்கு ரெக்கார்டு ஏதாவது இருக்கிறதா என்று ஆபீசர் கேட்டார். பொன்னி கொல்லைக்குள் ஓடி ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள். மண்ணை உதறி, ஒரு காயை நசுக்கினாள். தோல்தான் நொறுங்கியது. இன்னொன்றை நசுக்கினாள்.

"பொக்கு சார். எல்லாம் பொக்கு. பாருங்க."

ஆபீசர் வருத்தப்பட்டது பொய்யில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் காத்துக்கு வந்திருக்கேம்மா. மண்ணுக்குக் கீழ இருக்கறது வேற டிபார்ட்மென்ட்."

பங்குனியில் காயிதம் வந்தது. 'பயிர் பசுமையாகவும் தூசியின்றியும் காணப்பட்டது.' சுக்கூர் பாய் அதைப் பொன்னிக்குப் படித்துக் காட்டிவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மொத நாளே நான் ஒரு எட்டு வந்து பாத்திருக்கணும்மா" என்றார்.

சித்திரையில் கொல்லையில் லாரிகள் நின்றன. பிளாண்ட் மேனேஜர் பொன்னிக்கு ஆள் அனுப்பினார். வாசலில் அந்தப் பச்சை போர்டுக்குக் கீழே வரிசையாக இருபது குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. ஆபீசர்கள் வருகிற நாளில் இலைகளைக் கழுவித் துடைக்க வேண்டும். அளத்தில் கொடுக்கிற அதே கூலி.

"நீ நல்லா கழுவுவேன்னு புருஷோத்தமன் சாரே சொன்னாரு" என்றார் மேனேஜர் சிரித்துக்கொண்டே.

பொன்னி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியானால் பாய் சொன்னதை அந்தச் சார் அன்றைக்கே நம்பியிருக்கிறார். அவள் வாளியைத் தூக்கினாள்.

பதினேழாவது தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. கையிலிருந்த துணி கரியாகியிருந்தது. பொன்னி அதைக் கறுப்பு உள்ளே போகும்படி மடித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.