தால்சா குடித்த பெட்டி

என் வீட்டுக்காரர் அப்துல் லத்தீப் திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருக்கிறார். கடையில் அவரைவிட நிதானமான மனிதரைப் பார்க்க முடியாது. ஒரு தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து அவர் விலை சொல்வதற்குள் வந்தவர் இரண்டு டீ குடித்துவிடுவார். அதே மனிதர் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டால் போதும், பின்னால் யாரோ அரிவாளோடு துரத்துவதுபோல் ஓட்டுவார். மதுரை ரோட்டில் தனக்கு முன்னால் ஒரு வண்டி போவதையே அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதை முந்தினால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கும். ரோடு காலியாகிற வரைக்கும் மனிதருக்கு மூச்சு சீராக வராது.

அதனால் நான் அந்தக் காரில் ஏறுவதில்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், கடைசியில் பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டேன். ஒரே கல்யாணத்துக்கு அவர் காரில் போவார், நான் பஸ்ஸில் போவேன். எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். ஒருமுறை அவரோடு மதுரை வரை போய் வந்த பிறகு அவர்களும் என் பக்கத்தில் வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள்.

இந்த லட்சணத்தில்தான் அவரை நம்பித் தால்சாவை அனுப்பினேன். சின்னாளப்பட்டியில் என் தங்கச்சி ஹாஃபிஸா வீட்டில் விருந்து. பிரியாணி அவள் பொறுப்பு, அதற்கு ஊற்றிக்கொள்கிற பருப்புத் தால்சா என் பொறுப்பு. அவ்வளவு பெரிய தூக்குச்சட்டியைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்தில் அதை வைத்து அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறினேன். அங்கே போய் இறங்கி மூடியைத் திறந்தால் பாதியைக் காணோம்.

"மீதி எங்கங்க?"

"மூடி சரியில்ல."

"மூடி நல்லாத்தான் இருக்கு. எங்க பிரேக்கு அடிச்சீங்க?"

"திடீர்னு ஒரு ஸ்பீடு பிரேக்கரைப் போட்டு வச்சிருக்கானுக" என்றார். அந்த ஸ்பீடு பிரேக்கர் எங்கள் மகள் ஃபர்ஹீன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது.

காருக்கு ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகும், செத்த நேரத்தில் அணைந்துவிடும். முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டு, தள்ள நாலு பேர் வந்ததும் தானாகவே ஸ்டார்ட் ஆகும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் இவர். கடைசியில் மெக்கானிக் சகாயராஜிடம் விட்டார். அவன் அந்தக் காரைப் பல வருஷமாகப் பார்க்கிறவன், எனக்கும் தம்பி மாதிரி. சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க தால்சாவுல மாங்கா போடுவீகளா?"

"போடுவேன். ஏன்டா?"

"இல்ல, ஒரு துண்டு இங்க இருக்கு."

வண்டிக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி உண்டாம். ஈசிஎம் என்று பெயர். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எப்போது நெருப்புப் பற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுதான் சொல்லுமாம். எங்கள் வண்டியில் அந்த மூளையை முன்சீட்டுக்காரர் கால் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். என் தால்சா அங்கே போய்ப் புகுந்து, உப்பும் புளிப்புமாகப் பெட்டியை அரித்துவிட்டது. பெட்டியை மாற்றியே ஆக வேண்டும். புதுசுக்குக் கம்பெனியில் சொல்லி வைத்தால் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றான் சகாயராஜ்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாத நிலைமை. மதுரையில் வாக்கப்பட்ட ஃபர்ஹீனுக்கு அந்த வாரம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவளுக்குப் பழக்கமான டாக்டரம்மா அங்கே இருந்ததால் பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொண்டோம். தலைப்பிரசவம் என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். பேத்தி பிறந்த சேதி வந்த அன்றே இவர் ஓடாத காருக்குப் புது சீட் உறை போட்டுவிட்டு வந்தார். அப்போதுதான் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"ம்மா, அத்தா வண்டின்னா நான் வரல. பிள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கல. அவரு டாக்ஸி புக் பண்றேன்னு சொல்லிட்டாரு." அவர் என்றால் எங்கள் மருமகன் நிஹால்.

அவள் பயந்ததில் தப்பே இல்லை. நிக்காஹ் முடிந்து அவளை மதுரைக்கு அழைத்துப் போன அன்று, அத்தா காரில்தான் போவேன் என்று ஆசையாக ஏறினாள். மெதுவாக ஓட்டுகிறேன் என்று இவரும் சத்தியம் செய்தார். புதுப்பெண் போய் இறங்கியபோது மாப்பிள்ளை வீடு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த சம்பந்தியம்மா வந்து சேரும்வரை அவள் பட்டுச்சேலையோடு தெருவில் நின்றாள்.

மகள் சொன்னதை இவரிடம் சொன்னேன். "எம் பேத்தி வாடகை வண்டியில வந்து இறங்கணுமா?" என்று கேட்டார். தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பச்சைப் பிள்ளையை அந்த வண்டியில் ஏற்ற முடியுமா?

சகாயராஜ் கோயம்புத்தூரில் உடைசல் வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்திலிருந்து ஒரு பழைய பெட்டியை வரவழைத்தான். லேப்டாப் வைத்திருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு எங்கள் சாவியை அந்தப் பெட்டிக்கு அறிமுகம் செய்து வைத்து, வண்டியை ஓட்டிப் பார்த்தான். அன்று வெள்ளிக்கிழமை. இவர் ஜும்ஆ தொழுகையில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. எனக்கு அடித்தான்.

"அக்கா, வண்டி பூ மாதிரி ஓடுது. ஒரே ஒரு குறை. எண்பதுக்கு மேல போக மாட்டேங்குது."

"என்னடா சொல்ற?"

"இது டாக்ஸியில இருந்த பெட்டிக்கா. மஞ்சள் போர்டு வண்டின்னா கம்பெனியிலயே எண்பதுல கட்டிப் போட்டுருவாக. எம்புட்டு அழுத்துனாலும் அதுக்கு மேல ஏறாது. லேப்டாப்புக்காரரை இன்னொருவாட்டி கூப்ட்டா எடுத்துருவாரு. பாய்கிட்ட ஒரு வார்த்தை..."

எனக்கு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் நான் கேட்ட துஆ ஒரு உடைந்த டாக்ஸிக்குள்ளிருந்து வந்திருக்கிறது.

"சகாயம், அவருகிட்ட எதுக்குச் சொல்ற? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அக்கா, பாய் என்னையத் தோலை உரிச்சு மண்டியில தொங்கவிட்டுருவாரு."

"நான் பாத்துக்கிறேன். உனக்கு ஒரு சட்டி தால்சா குடுத்து விடுறேன்."

"தால்சா மட்டும் வேணாங்கா" என்றான்.

அடுத்த போன் மகளுக்கு. விஷயத்தைச் சொன்னதும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நம்ம வண்டியே பாதி டாக்ஸிதானா? சரிம்மா, நான் வாரேன். ஆனா நீயும் அதுலதான் வரணும்" என்றாள். சம்மதித்தேன்.

அதற்குப் பிறகு இவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் நாளே முகம் தொங்க வீட்டுக்கு வந்தார். ஒட்டன்சத்திரம் ரோட்டில் தக்காளி ஏற்றிய டெம்போ அவரை முந்திவிட்டதாம். "தக்காளி, குர்ஷித்! தக்காளி!" என்றார். பெட்ரோல் சரியில்லை என்று பங்க்கை மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். டயரில் காற்றைக் கூட்டினார், குறைத்தார். டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். சகாயராஜிடம் கேட்டால் "வண்டிக்கும் வயசாகுதுல்ல பாய்" என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னானாம். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் வியாதியைச் சொல்லி மருந்து கேட்டார். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மதுரைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மட்டும் தாமதமாக வந்து, தக்காளியைப் பற்றியும் பேசாமல், பெட்ரோலைப் பற்றியும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மனிதர் தோற்றுப்போய் அடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிஸ்மி சொல்லி முன்சீட்டில் ஏறினேன். என் காலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் தகட்டைச் செருப்பு படாமல் பார்த்துக்கொண்டேன். உன்னை நம்பித்தான் ஏறியிருக்கிறேன் என்று மனசுக்குள் அதனிடம் சொன்னேன். போகும்போது அவர் ஒரு வண்டியைக்கூட முந்தவில்லை. பெட்டியின் மகிமை என்று பூரித்துப்போனேன்.

திரும்பி வரும்போது ஃபர்ஹீன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நிஹால் மறுநாள் வருவதாகச் சொல்லி வழியனுப்பினார். வண்டி கிளம்பியது. எங்களைப் பஸ் முந்தியது. லாரி முந்தியது. செங்கல் லாரி முந்தியது. பின்னால் பாட்டும் கூத்துமாக வந்த கல்யாண வேன் முந்திப் போகும்போது அதிலிருந்த பிள்ளைகள் எங்களுக்குக் கை காட்டினார்கள். இவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் வணக்கம் வைக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி இறக்கினார். பேத்தி கண்ணைத் திறக்கவில்லை.

பாதி வழிகூட வரவில்லை, ஹாஃபிஸா போன் செய்தாள். எங்கள் வீட்டில் சமையல் முடித்துச் சொந்தமெல்லாம் காத்திருக்கிறது. "எங்கக்கா இருக்கீக? பிரியாணி ஆறுது. மச்சானா ஓட்டுறாரு?" என்றாள். செத்த நேரம் கழித்து மறுபடியும் அடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் வாயால் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னேன்.

"என்னங்க, கொஞ்சம் அழுத்துங்களேன்."

"வேணாம்."

"அட, பயப்படாம அழுத்துங்க. என்ன அழுத்துனாலும் எண்பதுக்கு மேல போகாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. ஃபர்ஹீன் பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினாள். இவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"தெரியும். ரயில்வே ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டு முத்துச்சாமிகிட்டப் போய்ச் சொன்னேன். 'பாய், இது வியாதி இல்ல, எங்க வண்டிக பூராவும் இப்படித்தான்'னான். நேத்து சாயங்காலம் சகாயராஜ் சட்டையப் பிடிச்சேன். லேப்டாப்புக்காரரைக் கூப்ட்டு அந்தக் கட்டை எடுத்துட்டான். இப்ப நூத்தம்பதும் போகும்."

என் கை தன்னால் போய் முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டது. போகும்போது அத்தனை தூரம், வரும்போது இத்தனை தூரம், பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த மனிதரை நம்பியா வந்திருக்கிறேன்? என்னிடம் சொல்லாமல் எடுத்தானே, அந்தச் சகாயராஜை நான் சும்மா விடப்போவதில்லை.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க? இருந்துட்டுப் போனா என்னங்க?"

"எம் பேத்திய நான் கூட்டிட்டு வரணும், குர்ஷித். ஒரு டப்பா கூட்டிட்டு வந்துச்சுன்னு இருக்கக் கூடாது."

அப்போதுதான் ஸ்பீடு காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். ஐம்பதில் நின்றது. எனக்குக் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது, எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. பின்னால் ஒரு டெம்போ விடாமல் ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது. தக்காளி ஏற்றியிருந்தது.

"போகட்டும். அவனுக்கு என்ன அவசரமோ" என்றார் இவர். நான் பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்கள். விருந்துக்கு வந்திருந்த சகாயராஜ் என்னைக் கண்டதும் தட்டோடு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டான். ஹாஃபிஸா ஓடி வந்து, "ஏன்க்கா இம்புட்டு நேரம்? வண்டி வழியில நின்னுருச்சா?" என்று கேட்டாள்.

இவர் இறங்கி வந்து ஃபர்ஹீன் கையிலிருந்து பேத்தியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிள்ளை அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் கூடி நின்ற அத்தனை பேரையும் பார்த்து, "நான்தான் ஓட்டிட்டு வந்தேன்" என்றார்.

யாரும் நம்பவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா, அவருதான்" என்றேன்.